பொன்னையா அண்ணாச்சிக்கு ஞாபகம் சரியாகத்தான் இருந்தது

சுக்குத் தரகர் பொன்னையா அண்ணாச்சி போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, கொச்சியில், கொச்சங்காடித் தெருவில் தன் வீட்டில் இறந்துவிட்டார். நெஞ்சுவலி. வயது அறுபத்து மூன்று. அவர் மனைவி சண்முகத்தாய் மதினி பக்கத்து வீட்டுப் போனிலிருந்து என் கடைக்குப் பேசினார். "தம்பி, உங்க அண்ணாச்சி போயிட்டாக" என்றார். கையிலிருந்த சுக்கு சாம்பிளை மேசையில் கொட்டிவிட்டு, கடையை அடைக்கச் சொல்லிவிட்டு நடந்தேன்.

வெள்ளிக்கிழமை நம் வியாபாரிகள் சங்கத்தில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். முன்வரிசையில் அந்த முதலாளி உட்கார்ந்திருந்தார். பெயர் எழுத மாட்டேன். உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். முதலில் அவரைத்தான் பேசக் கூப்பிட்டார்கள். "பொன்னையா தங்கமான மனுஷன். சூது வாது தெரியாது. பாவம், ஞாபகம் மட்டும்தான் கொஞ்சம் சரியில்லை" என்றார். கூட்டமே உச்சுக்கொட்டியது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். துக்கம் தாங்காமல் போய்விட்டேன் என்று சிலர் பேசிக்கொண்டார்களாம். அது துக்கம் இல்லை. இன்னும் ஒரு நிமிடம் அங்கே இருந்திருந்தால் நாற்காலியைத் தூக்கியிருப்பேன்.

சங்க மலருக்கு நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வரியில் அடங்காது. எழுதித் தருகிறேன். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

நாங்கள் எழுபதுகளில் சுக்கு பேசிய விதத்தை இப்போது போனில் விலை கேட்கிற பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். பத்துப் பேர் நிற்கிற இடத்தில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். தரகர் தோளில் கிடக்கிற துண்டைக் கையின் மேல் போட்டுக்கொள்வார். வாங்குகிறவர் துண்டுக்குள் கையை விட்டுத் தரகரின் விரல்களைப் பிடிப்பார். நூறு எத்தனை என்பது அன்றைய சந்தையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்கு மேல் எத்தனை பத்து என்பதுதான் பேரம். ஒரு விரல் என்றால் பத்து ரூபாய். மூன்று விரல் முப்பது. பிறகு தரகர் எழுந்து போய், விற்கிறவரின் விரலைத் துண்டுக்குள் அதே மாதிரி பிடிப்பார். அவர் தலையாட்டினால் "ஆச்சு" என்பார். முடிந்தது. சீட்டு கிடையாது, கையெழுத்து கிடையாது. அந்த விலை இருக்கிற ஒரே இடம் தரகரின் மனசுதான்.

அந்தத் தொழிலுக்கு இந்த மனுஷன் வந்து சேர்ந்தார் பாருங்கள்.

அண்ணாச்சி பேசி முடித்த விலை ஒன்றுகூடத் தப்பியதில்லை. அவரைப் பதினெட்டு வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான், என்னைவிட இதைச் சொல்லத் தகுதியானவர் யாரும் இல்லை. ஆனால் பேசி முடித்துப் பத்து நிமிடம் ஆனதும் அவருக்குள் ஒன்று ஆரம்பித்துவிடும். திரும்பி வருவார். "தம்பி, நீ பிடிச்சது மூணுதானே?" ஆமாம் என்பேன். போவார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வருவார். "கோவிச்சுக்காத. கட்டை விரலும் சேந்து பட்ட மாதிரி இருந்துச்சு. மூணுதானே?" சுமைதூக்குகிற மலையாளப் பையன்கள் அவருக்கு 'ஒந்நுகூடி' என்று பெயர் வைத்தார்கள். இன்னும் ஒரு தடவை என்று அர்த்தம். அவர் தெருவில் வந்தாலே, "எந்தா அண்ணாச்சி, ஒந்நுகூடி சோதிக்கணோ?" என்று, இன்னொரு தடவை கேட்கணுமா என்று, மூட்டைக்கு அடியிலிருந்து குரல் வரும். அவரும் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு நாள் மத்தியானம் தோப்பும்படிப் பாலத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு, கைப்பிடிச் சுவர் வழியாகத் தண்ணீரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் லாரியில் போய்க்கொண்டிருந்தவன் இறங்கிப் போனேன். அதற்குள் ஒரு மீன்காரச் சேட்டன் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"யாரைத் தேடுறே அண்ணாச்சி?"

"நான் இடிச்ச ஆளை."

"இடிச்சோ?"

"தெரியலையே. அதான் தேடுறேன்."

மீன்காரர் என்னைப் பார்த்துத் தலையின் பக்கம் விரலைச் சுழற்றிக் காட்டினார். சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது. அது கல் என்று அண்ணாச்சிக்குத் தெரியும். இறங்கி அந்தக் கல்லைப் பார்த்தும் இருக்கிறார். ஆனாலும் ஒருவேளை அது ஆளாக இருந்து, அந்த ஆள் தண்ணீருக்குள் விழுந்திருந்தால்? மூன்று தடவை பாலத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை வந்து பார்த்துவிட்டார். "தம்பி, கல்லைப் பாத்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா அந்த ஞாபகம் நெசம்தானான்னு யாரு சொல்லுவா?" என்று கேட்டார். நான் பைத்தியக்காரக் கேள்வி என்று நினைத்தேன். சைக்கிளை லாரியில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

இனி அந்த முதலாளி விவகாரத்துக்கு வருகிறேன்.

மூவாற்றுப்புழைப் பக்கத்திலிருந்து வறீது சேட்டன் என்று ஒரு சிறு வியாபாரி. மலையில் வீடு வீடாகச் சுக்கு சேர்த்துக்கொண்டு வருவார். அவர் கொண்டுவந்த சரக்கை முதலாளிக்குப் பேசினார் அண்ணாச்சி. நான் அப்போது முதலாளியின் சரக்குக் கிட்டங்கி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். துண்டுக்குள் முதலாளியின் கை போனதைப் பார்த்தேன், வந்ததைப் பார்த்தேன். அண்ணாச்சி வறீதிடம் போய்ப் பேசி முடித்தார். பிறகு நானும் அவரும் சாயாக் கடைக்கு நடந்தோம். "என்ன அண்ணாச்சி, எத்தனை?" என்றேன். "அஞ்சு" என்றார். யோசிக்கவில்லை, தயங்கவில்லை. வெந்நீரில் விரலை வைத்தவன் சுடுகிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

மூன்றாம் நாள் எடை. அதற்குள் சந்தை விழுந்துவிட்டது. முதலாளி, "நான் பிடிச்சது நாலு" என்றார். வறீது சேட்டன் அதிர்ந்துபோனார். மலையில் பத்து வீட்டுக்காரர்களுக்கு விலை சொல்லிவிட்டு வந்திருக்கிற மனுஷன் அவர். தகராறு சங்கத்துக்கு வந்தது.

இப்படித் தகராறு வந்தால் நம்மிடையே ஒரு வழக்கம் உண்டு. குத்துவிளக்கை ஏற்றி நடுவில் வைப்பார்கள். தரகர் அதைத் தொட்டு விலையைச் சொல்ல வேண்டும். அவர் சொல்வதுதான் விலை, அதற்கு மேல் பேச்சில்லை. தரகர் தொடாவிட்டால் வாங்கியவர் தொட்டுச் சொல்லலாம். விளக்கைத் தொடாத தரகருக்கு அப்புறம் இந்தத் தெருவில் வேலை இல்லை.

முதலாளிக்குப் பொன்னையா அண்ணாச்சியை நன்றாகத் தெரியும். 'ஒந்நுகூடி' என்று அவரும்தான் கூப்பிட்டார். தெரிந்துதான் செய்தார். அண்ணாச்சி விளக்குக்கு முன்னால் நின்றார். கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார்.

"சொல்லும்வே, எத்தனை?" என்றார் சங்கத் தலைவர்.

"அஞ்சுன்னுதான் எனக்கு ஞாபகம்."

"அப்ப தொட்டுச் சொல்லும்."

"ஞாபகம்தான் இருக்கு. நிச்சயம் இல்லை. இல்லாத நிச்சயத்தை நான் எப்படித் தொட்டுச் சொல்ல?"

முதலாளி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். விளக்கை இரண்டு கையாலும் தொட்டார். "நாலு" என்றார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. உண்மை சொன்னவரால் விளக்கைத் தொட முடியவில்லை. பொய் சொன்னவருக்கு அது கை கழுவுவதுபோல இருந்தது. இதைப் பார்த்துக்கொண்டு நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். முதலாளிக்குச் சந்தேகமே வரவில்லை, அதனால் அவர் உண்மை என்று முடிவு கட்டினோம். வியாபாரம் தெரிந்தவர்களாம் நாம்.

அந்த நாற்பதில் நானும் ஒருவன். சாயாக் கடைக்குப் போகிற வழியில் 'அஞ்சு' என்று அவர் சொன்னதை எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வாரம் என் சரக்கு முதலாளியின் கிட்டங்கியில் எடைக்கு நின்றது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு வேட்டியோடு வந்து, இதே தெருவில் மூட்டை சுமந்து, சொந்தக் கடை போட்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. பயந்தேன். இதை எந்தப் பூச்சும் பூசாமல் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு அண்ணாச்சிக்கு யாரும் துண்டுக்குள் கை கொடுக்கவில்லை. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பார், நமக்கெல்லாம் அவசர வேலை வந்துவிடும். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். அவருக்குள் நடந்ததுதான் கொடுமை. முதல் மாதம் "அஞ்சுதான் தம்பி" என்றார். மூன்றாம் மாதம் "அஞ்சா இருக்கும்" என்றார். வருஷம் முடியும்போது, "நாலுதான் பிடிச்சிருப்பார், நான்தான் வறீதை ஏமாத்திட்டேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். ஒரே ஞாபகத்தை நாள் முழுக்க எடுத்து எடுத்துப் பார்த்து, அதைத் தேய்த்து அழித்துவிட்டார். பஸ் பிடித்து மூவாற்றுப்புழைக்குப் போய் வறீது சேட்டனிடம் மன்னிப்புக் கேட்டார். ஒரு தடவை இல்லை, ஆறு தடவை. நஷ்டப்பட்ட அந்த மனுஷன் கப்பைக் கிழங்கும் மீன்கறியும் போட்டு, "அண்ணாச்சி, நீ என்னை ஏமாத்தல்ல. எனக்கு நல்ல உறப்பு, நிச்சயம். நீ வீட்டுக்குப் போ" என்று பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார். ஆற்றைத் தாண்டுவதற்குள் அண்ணாச்சிக்கு அடுத்த கேள்வி வந்துவிடும்: வறீது நிஜமாகவே அப்படிச் சொன்னாரா?

நாலு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நானும் முதலாளியும் ஒரே காரில் ஆலுவா போனோம். பேச்சு அண்ணாச்சியைப் பற்றி வந்தது. முதலாளி சிரித்தார். "அஞ்சுதான்வே பிடிச்சேன். அந்த ஆளு விளக்கைத் தொட மாட்டான்னு எனக்குத் தெரியும்" என்றார். சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். காரை ஓட்டியவர் காதிலும் அது விழுந்தது. இன்றும் அவர் உயிரோடு இருக்கிறார், வேண்டுமானால் கூப்பிட்டுக் கேளுங்கள்.

நான் உடனே வந்து அண்ணாச்சியிடம் சொன்னேனா? இல்லை. இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வியாபாரம் முதலாளியின் தயவு இல்லாமல் ஓடும் என்ற நிலை வந்த பிறகுதான் சொன்னேன். கேட்டதும் அண்ணாச்சி என் கடை மூட்டை மேல் உட்கார்ந்து அழுதார். பிறகு இரண்டு சாயா வாங்கிக் குடித்தார். மதினிக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனார். ஆறு வருஷத்துப் பாரத்தை இறக்கிவிட்டோம் என்று நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் கடை திறக்குமுன் வாசலில் நின்றார்.

"தம்பி, நேத்து நீ என்னமோ சொன்னியே. அஞ்சுன்னு அவர் சொன்னதாத்தானே சொன்னே?"

"ஆமா அண்ணாச்சி."

"என் மனசு ஆறட்டும்னு நீயா சொல்லலையே?"

"இல்லை அண்ணாச்சி."

"ஒந்நுகூடி சொல்லு."

சொன்னேன். மத்தியானம் வந்தார், சொன்னேன். அடுத்த நாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். இரண்டு மாதம் சொன்னேன். ஒரு நாள் வாடிக்கையாளர் முன்னால் கத்திவிட்டேன்: "உமக்கு எத்தனை தடவைவே சொல்றது? காது செவிடா?" அவர் படி இறங்கிப் போனார். நான் ஆயுளில் செய்த மோசமான காரியங்களில் இதை முதலாவதாக வைக்க மாட்டேன். முதலாவது, விளக்கு ஏற்றி வைத்த அன்று எழுந்திருக்காதது. இது இரண்டாவது.

அன்று சாயங்காலம் மதினி கடைக்கு வந்தார். "உங்களைக் குறை சொல்ல வரலை தம்பி. வீட்லயும் அதே கதைதான். உலையை வச்சுட்டு அவுக கேள்விக்குப் பதில் சொல்லிக்கிட்டே நிக்கேன், சோறு குழைஞ்சு போவுது. யாராவது டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க" என்றார். படிக்காத அந்த அம்மாவுக்குத் தோன்றியது, நாற்பது வியாபாரிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எறணாகுளத்தில் ஒரு மனநல டாக்டர். நல்ல தமிழ் பேசினார். அண்ணாச்சியிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இவருக்கு மறதி கிடையாது. போன வாரம் நடந்ததை வரிசை மாறாமல் சொல்கிறார். ஞாபகம் சரியாக இருக்கிறது. 'சரி, போதும்' என்று மனசு ஒப்புக்கொள்கிற இடத்தில்தான் நோய். நிறையப் பேருக்கு இருக்கிறது. இது பைத்தியம் இல்லை, பொய்யும் இல்லை" என்றார். பிறகு கேட்டார்: "இவர் கேட்கும்போது நீங்கள் பதில் சொல்வீர்களா?"

"சொல்வேன் டாக்டர். ஒரு நாளைக்குப் பத்துத் தடவைகூடச் சொல்வேன்."

"இனிமேல் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்கிற ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்விக்குப் போடுகிற தீனி."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு மனுஷன் தவித்துக்கொண்டு நிற்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது கொடுமையில்லையா என்றேன். "கொடுமைதான். இரண்டு மாதம் பதில் சொல்லிப் பார்த்தீர்களே, குறைந்ததா?" என்றார்.

மாத்திரை கொடுத்தார். வாரம் ஒரு தடவை வரச் சொல்லி, கேள்வி வரும்போது கேட்காமல் இருக்கப் பழக்கினார். முதலில் ஐந்து நிமிடம், அப்புறம் கால் மணி நேரம். பார்க்கிறவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. ஒரு ஆள் சும்மா மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான் தெரியும். பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும், அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடுங்குவது. நான் இதே தெருவில் மூட்டை சுமந்த நாளிலும் அப்படி உழைத்ததில்லை.

அண்ணாச்சியை என் கடையிலேயே சரக்குப் பார்க்க வைத்துக்கொண்டேன். தர்மத்துக்கு இல்லை. அவரைப்போலச் சுக்கை ஒடித்துப் பார்த்து ஈரம் சொல்ல இந்தத் தெருவில் ஆள் கிடையாது. இன்னொன்றும் நான் கவனித்து வைத்திருந்தேன்: அவருடைய முதல் பதில் தப்பியதே இல்லை. விலையானாலும் தரமானாலும் முதலில் வாயில் வந்ததை வைத்தே வியாபாரம் செய்தேன். பிறகு அவரே வந்து "தப்பாச் சொல்லிட்டேனோ" என்றாலும் காதில் வாங்கவில்லை. எட்டு வருஷம் அப்படி நடத்தினேன். ஒரு தடவைகூட நான் கெடவில்லை.

நோய் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. "அது கேக்கும் தம்பி. கேட்டுக்கிட்டே இருக்கும். நான் பதில் சொல்ல மாட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச வைத்தியம்" என்பார். போன மாதம் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது கட்டிலில் சாய்ந்துகொண்டு, "பாத்தியா, நீ வந்து அரை மணி நேரமாச்சு. நான் இன்னும் கேக்கலை" என்றார். எதை என்று நான் விசாரிக்கவில்லை. இருவருக்கும் தெரியும். முதலாளி விளக்கைத் தொட்டு முடித்த அரை நிமிடத்தையும் இவர் கேட்காமல் இருந்த அரை மணி நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் யாராவது "ஞாபகம் மட்டும்தான் சரியில்லை" என்றால், என் முகத்துக்கு நேராக வந்து சொல்லட்டும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று எழுதி முடிப்பதுதான் முறையாம். மதினி அவருடைய துண்டைக் கொடுத்தார், வேண்டாம் என்றேன். நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு விலை. அதை அவரிடம் எத்தனை முறை சொல்லியும் அவருக்குள் நிற்கவில்லை. அது அவர் குற்றம் இல்லை. உங்களுக்கு அந்த நோய் இல்லை. உங்களிடம் ஒரு தடவை சொன்னால் நிற்கும், நிற்க வேண்டும். விளக்கு ஏற்றி வைத்த அன்று எழுந்திருக்காதவன் இப்போது எழுந்து சொல்கிறேன்.

மூவாற்றுப்புழை வறீது விற்றது, முதலாளி வாங்கியது, பொன்னையா அண்ணாச்சி பேசி முடித்தது: சுக்கு முப்பது குவிண்டால். கொச்சங்காடிக் கிட்டங்கியில் மூன்றாம் நாள் எடை, எடை முடிந்ததும் ரொக்கம். நூறு ஒன்பது, விரல் ஐந்து. குவிண்டாலுக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய்.